அன்னிக்கி ஹெலிகாப்டர் ஏன் திரும்புச்சு

எங்க அண்ணன் கடல்ல காணாம போன அன்னிக்கி, அவரைத் தேடி வந்த ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பினவன் நான்தான். இத்த மொதல்லியே சொல்லிட்றேன். கடைசி வரைக்கும் இஸ்துகினு போயி சொல்றதுக்கு இது ஒன்னும் சினிமா கெடையாது. வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நான்தான். எங்க குப்பத்துல இத்த நம்பறதுக்கு ஒரு ஆளு கூட இல்ல, அதான் என்னோட பேஜாரே.

நான் பொறந்தது திருவொத்தியூரைத் தாண்டி, எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒரு மீனவக் குப்பம். அண்ணன் எட்டாவதோட கடலுக்குப் போயிட்டாரு. என்னை ஒண்டி படிக்க வெச்சாரு. படிச்சு நான் ஒரு கன்டெய்னர் யார்டுல வேலைக்குச் சேந்தேன். எந்த டிரெய்லர் எந்தப் பொட்டியை ஏத்திகினு வருது, எந்த வரிசையில எறக்கணும், அத்தப் பாத்து எழுதறதுதான் வேலை. போட்டுல ஏறி பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆவுது. ஏறுனா அரை மணி நேரத்துல வாந்தி எடுத்துடுவேன். குப்பத்துல என்னை ஆபீசருன்னுதான் கூப்புடுவாங்க. மரியாதைக்கு ஒன்னும் இல்ல, நக்கலுக்கு.

எங்கிட்ட ஒரு டிரோனு கீது, யார்டுல இருந்த தோஸ்து ஒருத்தன் வெளிநாடு போவசொல்ல எனக்குக் குடுத்துட்டுப் போனது. நாலு விசிறி, ஒரு கேமரா, மடிச்சா டிபன் டப்பா சைசுதான் வரும். ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா கரையில நின்னு வுடுவேன். கோயில் திருவிழாவ மேலேர்ந்து புடிச்சு அல்லாருக்கும் போன்ல அனுப்புவேன். அண்ணன் போட்டு கரைக்குத் திரும்பறப்போ கடல்மேல போயி எதுர்ல நிக்க வைப்பேன். அவருக்கு அது ரொம்பப் புடிக்கும். அன்னிக்கி மாட்டுனதுல பெரிய மீனா ஒன்னை எடுத்து கேமராவுக்கு நேரா தூக்கிக் காட்டுவாரு. வீடியோவுல சத்தம் வராதுன்னு எத்தினி தபா சொன்னாலும் கேக்க மாட்டாரு, அங்கேர்ந்தே "டேய் ஆபீசரு, உன் கொசு வந்துடுச்சுடா"ன்னு கத்துவாரு. வாயசைப்ப வெச்சே எனக்குத் தெரிஞ்சிடும்.

எங்க கரையில டிரோனு வுடக்கூடாது. அது எனக்கு நல்லாவே தெரியும். சுத்தி துறைமுகம், எண்ணெய் டாங்கு, கரண்டு எடுக்குற எடம்னு அல்லாமே பெரிய சமாச்சாரம். பறக்குறதுக்குன்னு ஒரு மேப்பு கீது, அத்தத் தொறந்தா ராயபுரத்துலேர்ந்து காட்டுப்பள்ளி வரைக்கும் ஒரே செகப்பு. செகப்புன்னா கேக்காம வுடக்கூடாது. ஆனா எங்க ஊர்ல எதுக்குத்தான் கேட்டுட்டு செய்றாங்க? சாம்பல் கொட்றவன் கேட்டானா, கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் கலந்தவன் கேட்டானா? அந்த வீம்புதான் எனக்கும். நானா ஒரு சட்டத்தை ஒண்டி ஒழுங்கா வெச்சிகினு இருந்தேன். மத்த எடத்துல நானூறு அடிக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சொல்றாங்க இல்ல, நான் முந்நூறுக்கு மேல ஏத்தவே மாட்டேன். மேல பிளேனு, ஹெலிகாப்டருன்னு அவங்க, கீழ நாம. யாருக்கும் யாரும் தொந்தரவு இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்.

எங்க குப்பத்துல ஒரு ஊர்க்கட்டுப்பாடு கீது. கடல்ல ஆள் காணோம்னு சேதி வந்தா பஞ்சாயத்து மைக்ல சொல்லுவாங்க. சொன்ன ஒடனே அல்லா போட்டும் கடலுக்குப் போயாவணும். அன்னிக்கி ஒருத்தனும் மீன் புடிக்கக் கூடாது. சண்டைக்காரன் வூட்டு ஆளா இருந்தாலும் போவணும், வலை பாதி கிழிஞ்சு கெடந்தாலும் போட்டுட்டுப் போவணும். யாரையும் கேக்க வேணாம், யாரும் சொல்லித் தர வேணாம், எவ்ளோ பேரு போறாங்களோ அவ்ளோ நல்லது. கரையிலியே கெடந்த போட்டு எதுன்னு சாயந்தரம் ஊரே பாக்கும். அந்த வூட்டுக்கு அப்பால நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் போவமாட்டான். சின்ன வயசுலேர்ந்து இத்தப் பாத்துதான் வளந்தேன். தேடறதுன்னா அல்லாரும் போறதுன்னுதான் எனக்குத் தெரியும்.

அன்னிக்கி யார்டுல எனக்கு லீவு. காலையில ஏழரை இருக்கும், நாஸ்தா துன்னுகினு இருந்தேன். மைக்ல எங்க அண்ணன் பேரைச் சொன்னாங்க. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளிய, மண்ணு மேடு தட்டிப்போன எடத்துல அலை பொரண்டு பைபர் போட்டு கவுந்துடுச்சாம். அண்ணனும் கூடப் போன கூட்டாளியும், ரெண்டே பேரு. வெறும் போட்டைத்தான் பாத்துட்டு வந்து சொன்னாங்க, ஆளுங்களக் காணோம். அண்ணி இடுப்புல சொருவுன பொடவையோட அப்படியே கரைக்கு ஓடிச்சு. நான் கைகூட கழுவல.

நான் போறதுக்குள்ள அல்லா போட்டும் எஞ்சின் போட்டுட்டாங்க. ஒன்னுத்துல ஏறப் போனேன். அதுல இருந்தவரு எங்க சொந்தக்காரருதான், என் தோளைப் புடிச்சு எறக்கிட்டாரு. "நீ வந்து வாந்தி எடுத்துகினு கெடந்தா உன்னைப் பாக்கறதா அவனைத் தேடறதா? அண்ணிகூட குந்து நைனா" அப்டின்னாரு. தப்பா ஒன்னும் சொல்லல. ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. ஊரே எங்க அண்ணனைத் தேடப் போவுது, கூடப் பொறந்தவன் பொம்பளைங்களோட பொம்பளையா கரையில நிக்கிறேன். எங்கிட்ட போட்டு கெடையாது. என்னா கீது எங்கிட்ட? இதான் கீது. வூட்டுக்கு ஓடிப்போயி டிரோனை எடுத்துகினு வந்தேன்.

எடுத்துகினு வந்ததோட வுட்டேனா? எங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் உண்டு, டிரோனு வெச்சிகினு இருக்கறவங்க. டோல்கேட்டாண்ட ஒருத்தன் கல்யாண வீடியோ எடுக்கறவன், எர்ணாவூர்ல ஒருத்தன் என்னை மாதிரியே சும்மா வுடறவன். அல்லாரும் வாங்கடா, எங்க அண்ணனைத் தேடணும், ஆளுக்கு ஒரு பக்கம் வுடுவோம்னு பேசி அனுப்பினேன். அழுதுகினே பேசினேன். ரெண்டு பேரும் பாவம், வண்டியை முறுக்கிகினு இருபது நிமிஷத்துல வந்து நின்னானுங்க. குப்பத்துக்காரனே இல்ல ரெண்டு பேரும். அவங்க மேல நான் எந்தக் காலத்துலயும் ஒரு கொறை சொல்லமாட்டேன். கூப்ட்டது நானு.

வெய்யில் ஏறுறதுக்குள்ள மூணையும் மேல ஏத்திட்டோம். நான் நடுவுல, கல்யாண வீடியோக்காரன் தெக்கால, எர்ணாவூர்க்காரன் வடக்கால. ஸ்கிரீன்ல பாத்தா தண்ணி, தண்ணி, தண்ணி. ஒரு கேனு மெதந்தா மனுசன் தலை மாதிரி தெரியுது, கிட்டப் போனா கேனு. அண்ணி என் பக்கத்துல வந்து நின்னுகினு ஸ்கிரீனையே பாத்துகினு இருந்துச்சு. "தெரியுதா தம்பி, எதுனா தெரியுதா?" இதே வார்த்தைதான், நூறு தபா கேட்டிருக்கும்.

அப்பதான் தெக்கேர்ந்து சத்தம் வந்துச்சு. கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டரு! கரையில இருந்த பொம்பளைங்க அல்லாரும் எழுந்து நின்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. அண்ணி மண்ணுல மண்டி போட்டுடுச்சு. எனக்கும் உசுரு வந்த மாதிரி ஆயிடுச்சு. எங்க போட்டுங்க போயிருக்கு, நாங்களும் வுடறோம், இப்ப அவங்களும் வந்துட்டாங்க, இன்னும் ஒரு ஆளு சேந்துச்சுன்னுதான் நெனச்சேன். அண்ணன் பொழைச்சிட்டாருன்னே முடிவு பண்ணிட்டேன். சத்தியமா டிரோனை எறக்கணும்னு தோணவே இல்ல.

ஹெலிகாப்டரு ரொம்ப மேல போவும்னு நெனச்சிகினு இருந்தவன் நான். வழக்கமா எங்க தலைக்கு மேல போறது அப்படித்தான் போவும். ஆனா ஆளைத் தேடறதுன்னா அது தாழ வரும், தண்ணிமேல ஒரு தலை தெரியற அளவுக்குத் தாழ வரும். அது எனக்கு யாரு சொன்னது? முந்நூறு அடியில என்னோடது நிக்குது, அதே ஒயரத்துக்கு அவன் எறங்கி வரான். ஸ்கிரீன்ல பாத்தேன், என் கேமராவுக்கு நேரா மூக்கை வெச்சிகினு பெருசாயிகினே வந்துச்சு. கண்ணாடிக்குப் பின்னாடி ஹெல்மெட்டு கூட தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பால மூக்கைத் தூக்கி, ஒரு பக்கமா சாஞ்சு, வெளிக்கடல் பக்கம் போயிடுச்சு.

"அந்தாண்ட தேடப் போறாங்க போல" அப்டின்னேன் அண்ணிகிட்ட. நம்பித்தான் சொன்னேன்.

பத்து நிமிஷம் கூட ஆவல, போலீஸ்காரர் ஒருத்தரு போனைக் காதுல வெச்சிகினு அலைக்குப் போட்ட பாறாங்கல்லு மேல தாவித் தாவி ஓடி வந்தாரு. நாங்க மூணு பேரு ஒண்டி அப்போ சிக்னலு நல்லா வருதுன்னு அண்ணியையும் கூட்டத்தையும் வுட்டு கொஞ்சம் தள்ளி கல்லு மேல நின்னுகினு இருந்தோம். "யார்ரா அது மேல வுட்டது? எறக்குங்கடா பேமானிங்களா! அங்க ஹெலிகாப்டர் வரமுடியாம சுத்திகினு நிக்குது!" என்னோடத ஒடனே எறக்கிட்டேன். கல்யாண வீடியோக்காரனும் எறக்கிட்டான். எர்ணாவூர்க்காரனோடது ரொம்ப தூரம் போயி சிக்னலு வுட்டுப்போச்சு. அது தானா திரும்பி வரணும், எதுருகாத்து வேற. போலீஸ்காரரு போன்ல "இல்ல சார், ஒன்னு இன்னும் மேல கீது சார், வந்துகினு கீது சார்"னு சொல்லிகினே இருந்தாரு. அது வந்து மண்ணுல எறங்கச்சொல்ல போன்ல அந்தப் பக்கத்துலேர்ந்து சேதி வந்துடுச்சு. எண்ணெய் தீர்ற மாதிரி ஆயிடுச்சு, திரும்பிப் போறோம், ரொப்பிகினுதான் வரணும்னு.

நான் போலீஸ்காரரைப் பாத்து, "இவ்ளோ சின்னது சார், இது என்னா பண்ணும் சார்?"னு கேட்டேன். "வாலாண்ட சுத்துற விசிறியில இது மாட்டுச்சுன்னா உள்ள கீறவன் அல்லாரும் உங்கண்ணனோட போயிடுவான்டா" அப்டின்னாரு. அப்பதான் வெளங்குச்சு. கடல்ல பெரிய கப்பலு வந்தா நம்ம போட்டுதான் ஒதுங்கணும், அவன் நம்மளப் பாக்கக்கூட மாட்டான். ரோட்டுல டிரெய்லரு வந்தா பைக்குதான் ஒதுங்கணும். என் வாழ்நாளெல்லாம் பெரிசு வந்தா சின்னது ஒதுங்கிப் பாத்தவன் நான். வானத்துல மட்டும் பெரிசுதான் ஓடணுமாம். கேஸ் போடுவாருன்னு பாத்தேன். காணாம போனது உன் அண்ணனான்னு கேட்டாரு, ஆமான்னேன்.  "வூட்டுக்குப் போ. யாராண்டையும் சொல்லாத" அப்டின்னுட்டுப் போயிட்டாரு.

மத்தியானத்துக்கு மேல ஹெலிகாப்டரு மறுபடியும் வந்து சுத்துச்சு. அதுக்குள்ள நீரோட்டம் வடக்கால இழுத்துடுச்சு, காத்தும் ஏறிடுச்சு. ஒன்னும் கெடைக்கல. பொழுது சாயறதுக்கு முன்னாடி எங்க போட்டு ஒன்னு காட்டுப்பள்ளிக்கு வெளிய கூட்டாளியைத் தூக்கிச்சு. அவரை ஒண்டிதான்.

அவரு சொன்னதை அண்ணி பக்கத்துல நின்னு நானும் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே கேனைப் புடிச்சிகினு மெதந்தாங்களாம். அண்ணன்தான் தைரியம் சொல்லிகினே இருந்தாராம், நம்ம ஆளுங்க வந்துடுவாங்க, எந்தம்பி கொசுவை வுட்டான்னா கண்டுபுடிச்சிடுவான்னு. அப்பால ஹெலிகாப்டரு வந்துச்சாம். நேரா அவங்களைப் பாத்தே வந்துச்சாம். அண்ணன் பனியனைக் கழட்டி ஆட்டுனாராம், "வந்துட்டான்டா, வந்துட்டான்டா"ன்னு சிரிச்சாராம். கண்ணுக்கு எதுர்லியே அது திரும்பிப் போயிடுச்சாம். அதுக்கு அப்பால அண்ணன் அந்தப் பனியனைத் தண்ணியிலியே வுட்டுட்டாராம். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கேனை வுட்டிருந்தாராம்.

"நம்மளப் பாத்தான்மா. பாத்துட்டுதான் போனான்" அப்டின்னு கூட்டாளி அழுதாரு.

மறுநாள் காலையில குப்பமே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல குந்திடுச்சு. டிரெய்லரு ஒன்னு நவுரல. மீனவன் உசுருன்னா கேவலமா, பணக்காரன் வூட்டுப் படகா இருந்தா திரும்புவியான்னு கத்துனாங்க. அந்த ஹெலிகாப்டர் ஓட்டுனவனை எங்க கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்துன்னாங்க. முன்வரிசையில அண்ணி. அண்ணிக்குப் பக்கத்துல நானு. கத்தலன்னா ஏன்னு கேப்பாங்க. கத்துனேன்.

அண்ணன் உடம்பு கெடைக்கவே இல்ல. பதினாறாம் நாள் போட்டோவ வெச்சுதான் காரியம் பண்ணோம். அது முடிஞ்சு சொந்தக்காரங்க அல்லாம் கெளம்புனதுக்கு அப்பால அண்ணி பாத்திரம் கழுவிகினு இருந்துச்சு. இதுக்கு மேல வெச்சிகினு இருந்தா நெஞ்சு வெடிச்சிடும்னு கிட்டப் போயி குந்தினேன்.

"அண்ணி, அந்த ஹெலிகாப்டரு என்னாலதான் திரும்புச்சு. நாங்க டிரோனு வுட்டோம் இல்ல, அத்தப் பாத்துதான் திரும்புச்சு."

அண்ணி கையில இருந்த குண்டானைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துச்சு. அறையும்னு நெனச்சேன். அறைஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"எவன்டா உன்னை அப்டி சொல்ல சொன்னது? போலீஸ்காரன் மெரட்டுனானா?"

"யாரும் சொல்லல அண்ணி. நெஜமா."

"போடா! அம்மாம் பெரிய ஹெலிகாப்டரு உன் கொசுவைப் பாத்து பயந்துச்சா? கேக்கறவன் சிரிப்பான். அவனுங்க பண்ண தப்பை உன் தலைல கட்டப் பாக்கறானுங்க, நீயும் சின்னப் புள்ள மாதிரி நம்பிகினு வந்து சொல்ற."

வாலு விசிறியப் பத்தி சொன்னேன். நானூறு அடி, முந்நூறு அடின்னு சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிச்சு, ஒன்னும் ஏறல. கடைசியில அந்த வீடியோவை எடுத்துக் காட்டுனேன். என்னோடது புடிச்ச வீடியோ, ஹெலிகாப்டரு நேரா கேமராவாண்ட வந்து திரும்புறது. இத்தப் பாத்தாவது நம்பும்னு காட்டுனேன். அண்ணி போனைக் கையில வாங்கி நாலு தபா திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. "பாரு, எவ்ளோ கிட்ட வந்துட்டு திரும்பறான் பாரு! படுபாவி, இவன் நல்லா இருப்பானா?"

அண்ணி அல்லாருக்கும் அனுப்பிச்சு, அன்னிக்கி ராவுக்குள்ள அந்த வீடியோ குப்பம் பூரா போயிடுச்சு. அப்பால ராயபுரம், காசிமேடுன்னு அல்லாப் பக்கமும் போச்சு. ஹெலிகாப்டருக்காரன் பண்ண துரோகத்துக்கு சாட்சியாம் அது. புடிச்சது யாருன்னு கேட்டா, கூடப் பொறந்த தம்பின்னு என்னைக் கைகாட்றாங்க. என்னை ஆபீசருன்னு கூப்புடறதை நிறுத்திட்டாங்க. டீக்கடையில நான் போனா எடம் வுடறாங்க. ஹெலிகாப்டரை ஓட்டுன அந்த மனுசன் யாரோ எவரோ, அவரு வூட்லயும் இந்த வீடியோவைப் பாத்திருப்பாங்க. 

அடுத்த மாசம் பஞ்சாயத்து கூடுனப்போ அண்ணி எழுந்துச்சு. பொம்பளைங்க பேசறது எங்க பஞ்சாயத்துல அபூர்வம், அதனால அல்லாரும் வாயை மூடிகினு கேட்டாங்க. "அரசாங்கம் தேடல. போட்டுங்க தேடுச்சு, எங்க கொழுந்தனாரோட டிரோனு தேடுச்சு. இனிமே நம்ம ஆளு யாருனா காணோம்னா போட்டோட அதுவும் கட்டாயம் போவணும். டிரோனு வெச்சிகினு இருக்கற புள்ளைங்க ஒருத்தரும் கரையில சும்மா நிக்கக் கூடாது" அப்டின்னு சொல்லிச்சு. நான் எழுந்து நின்னேன். வாயைத் தொறந்தேன். அண்ணி என்னைப் பாத்து, அழாத தம்பின்னு கையக் காட்டுச்சு. தலைவரு ஒத்துக்கறவங்க கையத் தூக்குங்கன்னாரு. ஊரே தூக்குச்சு. நானும் தூக்கினேன்.

போன மாசம் மைக்ல மறுபடியும் ஒரு பேரைச் சொன்னாங்க. எங்க வூட்டுலேர்ந்து மூணாவது வூட்டுக்காரரு. கூடவே என் பேரையும் சொன்னாங்க, டிரோனை எடுத்துகினு சீக்கிரம் வரச் சொல்லி. கரைக்குப் போயி, பேட்டரி போயிடுச்சுன்னு பொய் சொன்னேன். காணாம போனவரோட சம்சாரம் என்னைப் பாத்துச்சு. அண்ணியும் பாத்துச்சு. கரையிலியே கெடக்குற போட்டை எங்க ஊரு எப்டி பாக்குமோ அப்டி பாத்தாங்க. அதுக்குள்ள குப்பத்துப் பசங்க வெச்சிகினு இருந்தது நாலு மேல ஏறிடுச்சு. எறக்குங்கடா, ஹெலிகாப்டரு வரும்டான்னு ஒருத்தன் கையப் புடிச்சேன். "அது எங்கண்ணா நமக்காக வரப்போவுது?"ன்னு கைய ஒதறிட்டான். நான் பைலேர்ந்து என்னோடதையும் எடுத்து வுட்டேன்.

அவரு ரெண்டு நாள் கழிச்சு காட்டுப்பள்ளி பக்கம் பொணமா ஒதுங்குனாரு. நாங்க தேடுன அன்னிக்கி காலையில ஹெலிகாப்டரு வராம இல்ல, வந்துச்சு. தூரத்துலியே ரெண்டு சுத்து சுத்திட்டு, கிட்ட வராமலே தெக்கால திரும்பிப் போயிடுச்சு. கரையில இருந்த அல்லாரும் மண்ணை வாரித் தூத்தி அத்தத் திட்டுனாங்க. அண்ணி என் கையப் புடிச்சிகினு திட்டுச்சு. நானும் திட்டுனேன்.